ஒரு ரூபாய்ச் சம்பளச் சிறுவன் ஐகோர்ட்டு நீதிபதி ஆனார்!

கோபிசெட்டிபாளையம் கோர்ட்டு வாசலில் காலை பத்து மணிக்கே கூட்டம் கூடிவிடும். வரப்புத் தகராறு, தடத் தகராறு, வாய்க்கால் தண்ணீர்த் தகராறு, அண்ணன் தம்பி பாகப்பிரிவினை என்று பலவிதமான வழக்குகள். முன்சீப் கோர்ட்டில் தோற்றவர் சப் கோர்ட்டுக்குப் போவார். அங்கும் தோற்றால், தோட்டத்தை விற்றாவது ஐகோர்ட்டு வரை போய்ப் பார்ப்பேன் என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவார்.

அந்த ஐகோர்ட்டில் யார் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிறார்கள்? அவர்களை அந்த நாற்காலியில் உட்கார வைப்பது யார்? இதைப் பலர் யோசித்துப் பார்த்ததே இல்லை.

ஒரு காலத்தில் அந்த நாற்காலியில் வெள்ளைக்காரர்கள் மட்டுமே உட்கார்ந்தார்கள். தமிழ்நாட்டில் அந்த வழக்கத்தை முதலில் மாற்றியவர் ஒரு பரம ஏழை. தகப்பனார் இல்லாத பிள்ளை. மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்துக்குக் கிராமக் கணக்கு எழுதிய சிறுவன்.

அவர் பெயர் முத்துசாமி அய்யர்.

கணக்கு எழுதிய பையன்

தஞ்சை மாவட்டத்தில் உச்சுவாடி என்று ஒரு சிற்றூர். அங்கே 1832-ம் ஆண்டு ஜனவரி 28-ந் தேதி முத்துசாமி பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தார். தாயார் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு திருவாரூருக்கு வந்தார். படிக்க வைக்க வசதி இல்லை. அடுப்பு எரிய வேண்டுமே! பையன் கிராமக் கர்ணத்திடம் உதவியாளனாகச் சேர்ந்தான். கர்ணம் என்றால் கிராமக் கணக்குப்பிள்ளை. சம்பளம் மாதம் ஒரு ரூபாய்.

அந்த ஒரு ரூபாயையும் தாயார் நெடுநாள் வாங்கிச் செலவழிக்கவில்லை. சில ஆண்டுகளில் அவரும் கண்ணை மூடினார்.

அந்தப் பகுதிக்கு முத்துசாமி நாயக்கர் என்பவர் தாசில்தாராக இருந்தார். இருவருக்கும் பெயர் ஒன்றே. ஒரு நாள் வெள்ளம் வந்து உடைப்பு ஏற்பட்டதாகத் தாசில்தாருக்குத் தகவல் வந்தது. கர்ணத்தைத் தேடினால் ஆள் இல்லை. பையன்தான் இருந்தான். நேரில் போய்ப் பார்த்து வரும்படி அவனை அனுப்பினார். அவன் திரும்பி வந்து, எந்த இடத்தில் உடைப்பு, எவ்வளவு சேதம், சரி செய்ய என்னென்ன தேவை என்று ஒன்று விடாமல் ஒப்பித்தான். தாசில்தாருக்கு நம்பிக்கை வரவில்லை. தாமே விசாரித்துப் பார்த்தார். பையன் சொன்ன கணக்கு அப்படியே சரியாக இருந்தது. இப்படி ஒரு நிகழ்ச்சியைப் பழைய ஆட்கள் சொல்வார்கள்.

தாசில்தார் அன்றே முடிவு செய்துவிட்டார். இந்தப் பையன் கணக்கு எழுதி வீணாகக் கூடாது! நாகப்பட்டினத்தில் பாதிரிமார் நடத்திய பள்ளிக்கு அனுப்பி ஆங்கிலம் படிக்க வைத்தார். பிறகு சென்னைக்கு அனுப்பினார்.

தெருவிளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து முத்துசாமி படித்தார் என்று ஒரு கதை உண்டு. பள்ளிக்கூடங்களில் இன்றும் பிள்ளைகளுக்கு அதைச் சொல்கிறார்கள். அவர் எந்த விளக்கில் படித்தாரோ, படிப்பு மட்டும் வீண் போகவில்லை. சென்னை உயர்நிலைப் பள்ளியின் தலைவராக இருந்த பவல் என்ற ஆங்கிலேயர் இந்த மாணவரிடம் மிகுந்த பிரியம் வைத்தார். 1854-ல் ஆங்கிலக் கட்டுரைப் போட்டி ஒன்றில் முத்துசாமிக்கு 500 ரூபாய் பரிசு கிடைத்தது. ஒரு ரூபாய்ச் சம்பளத்தில் 500 ரூபாய் சேர்க்க நாற்பது ஆண்டுக்கு மேல் உழைத்திருக்க வேண்டும்!

தரங்கம்பாடி முன்சீப்

1856-ல் அவர் சட்டப் பரீட்சையில் தேறினார். தரங்கம்பாடிக்கு முன்சீப் ஆனார். முன்சீப் என்பவர் கீழ்ப்படி நீதிபதி. சின்னச் சின்னச் சொத்து வழக்கு, கடன் வழக்குகள் முதலில் அவரிடம்தான் வரும்.

அதன் பிறகு ஒவ்வொரு படியாக ஏறினார். 1859-ல் தஞ்சையில் டிப்டி கலெக்டர். 1865-ல் தென் கன்னடத்தில் சப் ஜட்ஜு. 1868-ல் சென்னையில் போலீஸ் மாஜிஸ்திரேட்டு. உத்தியோகம் பார்த்துக்கொண்டே படித்து பி.எல். பட்டமும் வாங்கினார். பின்னர் சென்னையில் சிறு வழக்குக் கோர்ட்டில் நீதிபதி ஆனார்.

மாஜிஸ்திரேட்டாக இருந்தபோது நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு நிகழ்ச்சியைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ஐகோர்ட்டு வெள்ளைக்கார நீதிபதி ஒருவர் மீது புகார் வந்தது. தம்முடைய பங்களாத் தோட்டத்தில் நுழைந்த இந்தியர் ஒருவரை அவர் அடித்துவிட்டார் என்பது புகார். அடிபட்டவர் ஏழை. அடித்தவரோ நாட்டின் மிகப் பெரிய நீதிபதிகளில் ஒருவர். விசாரிக்க வேண்டியவர் இந்தியர். முத்துசாமி அய்யர் நீதிபதிக்குச் சம்மன் அனுப்பினார். மேலதிகாரி கூப்பிட்டு, அவ்வளவு பெரியவர் நேரில் வர வேண்டாமே என்று சாடையாகச் சொல்லிப் பார்த்தார். அய்யர் கேட்கவில்லை. விசாரணை நடந்தது. குற்றம் உண்மை என்று கண்டார். மூன்று ரூபாய் அபராதம் போட்டார்!

மூன்று ரூபாய் அந்தத் துரைக்குப் பெரிய தொகை அல்ல. ஆனாலும் அன்றைய சென்னையில் ஒரு வெள்ளைக்கார நீதிபதி இந்திய மாஜிஸ்திரேட்டுக்கு அபராதம் கட்டுவது என்றால், ஊரே வாய் பிளந்திருக்கும். அய்யருக்கு வேலை போகும் என்றுகூடச் சிலர் நினைத்திருப்பார்கள். வேலை போகவில்லை.

வெள்ளைக்காரர் வகுத்த கணக்கு

சென்னை ஐகோர்ட்டு 1862-ல் தொடங்கியது. அதற்கு முன் சென்னையில் இரண்டு பெரிய கோர்ட்டுகள் இருந்தன. ஒன்று சுப்ரீம் கோர்ட்டு. அது 1801-ல் வந்தது. சென்னைப் பட்டணத்து வழக்குகளை அது பார்த்தது. மற்றொன்று சதர் அதாலத். வெளியூர்க் கோர்ட்டுகளின் அப்பீல் அங்கே போனது. இரண்டையும் ஒன்றாக்கி ஐகோர்ட்டு என்று பெயர் வைத்தார்கள். கல்கத்தாவிலும் பம்பாயிலும் இதே போல் அதே ஆண்டில் ஐகோர்ட்டுகள் வந்தன.

நீதிபதிகளை நியமிப்பது எப்படி என்பதை லண்டன் பார்லிமெண்டு 1861-ல் போட்ட சட்டம் சொன்னது. மூன்றில் ஒரு பங்கு நீதிபதிகள் இங்கிலாந்தில் படித்த பாரிஸ்டர்களாக இருக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு சிவில் சர்வீஸ் அதிகாரிகளாக இருக்க வேண்டும். இந்த இரண்டு வாசலிலும் அந்தக் காலத்தில் பெரும்பாலும் வெள்ளைக்காரர்தான் நுழைய முடியும். மிச்சம் இருந்த இடங்களுக்கு, சப் ஜட்ஜு அல்லது சிறு வழக்குக் கோர்ட்டு நீதிபதி நிலையில் ஐந்து ஆண்டு வேலை பார்த்தவர்களும், பத்து ஆண்டு வக்கீல் தொழில் செய்தவர்களும் வரலாம்.

இந்தியருக்குத் திறந்திருந்தது அந்த ஒரு சின்னக் கதவுதான். கல்கத்தாவில் அந்தக் கதவு வழியாக 1863-லேயே சம்புநாத பண்டிதர் உள்ளே போய்விட்டார். சென்னையில் 16 ஆண்டு வரை ஒருவரும் போகவில்லை. சட்டம் தடுக்கவில்லை. மனசு தடுத்தது.

1878-ல் அந்தக் கதவு திறந்தது. முத்துசாமி அய்யர் சென்னை ஐகோர்ட்டு நீதிபதி ஆனார். அப்போது அவருக்கு வயது 46.

ஒன்றே முக்கால் ரூபாய்க் கடனில் ஒரு பத்திரிகை

ஊர் முழுவதும் மகிழ்ந்ததா? இல்லை. சென்னையில் வெள்ளைக்காரர் நடத்திய பத்திரிகைகளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இந்தியர் ஒருவரை ஐகோர்ட்டில் உட்கார வைப்பதா என்று கண்டித்து எழுதின. அய்யர் நீதிபதி. அவர் பத்திரிகைக்குப் பதில் எழுத முடியாது. இந்தியர் பக்கத்து நியாயத்தை எடுத்துச் சொல்ல ஆங்கிலத்தில் வலுவான பத்திரிகையும் அப்போது இல்லை.

திருவல்லிக்கேணியில் ஆறு இளைஞர்கள் இதைப் பார்த்துக் கொதித்தார்கள். இரண்டு பேர் ஆசிரியர்கள்: ஜி.சுப்பிரமணிய அய்யர், வீரராகவாச்சாரியார். மற்ற நான்கு பேர் சட்டம் படித்த மாணவர்கள். கையில் காசு இல்லை. ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கினார்கள். 80 பிரதிகள் அச்சடித்தார்கள். 1878-ம் ஆண்டு செப்டம்பர் 20-ந் தேதி வெளிவந்த அந்த வாரப் பத்திரிகைதான் இந்து. 1889-ல் அது நாளிதழ் ஆனது. அந்த ஆறு பேரில் ஒருவரான சுப்பிரமணிய அய்யர்தான் பிற்பாடு தமிழில் சுதேசமித்திரனையும் தொடங்கினார்.

நாடறிந்த ஒரு பத்திரிகை பிறந்ததற்குக் காரணம் ஒரு நீதிபதி நியமனம். இது பலருக்குத் தெரியாது!

அய்யர் இந்த ஆரவாரம் எதிலும் கலந்துகொள்ளவில்லை. காலையில் கோர்ட்டுக்குப் போனார். கட்டுகளைப் படித்தார். தீர்ப்பு எழுதினார்.

கோபியிலிருந்து சென்னைக்கு

அந்தக் காலத்தில் கோபிசெட்டிபாளையத்து விவசாயி ஒருவர் ஐகோர்ட்டுக்குப் போவது லேசுப்பட்ட காரியமா? கோபியில் ரெயில் கிடையாது. இன்றைக்கும் கிடையாது! ஈரோடு வரை மாட்டு வண்டி. ஈரோட்டில் ரெயில் ஏறி ஓர் இரவு முழுவதும் உட்கார்ந்துகொண்டே சென்னைக்குப் போக வேண்டும். அங்கே வக்கீலைத் தேட வேண்டும். அவர் பேசுவது ஆங்கிலம். நீதிபதி கேட்பதும் ஆங்கிலம். தன் தோட்டத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது மட்டும் விவசாயிக்குப் புரியும்.

நீதிபதி வெள்ளைக்காரராக இருந்தால், கர்ணம் கணக்கு என்ன, அடங்கல் என்ன, கூட்டுக் குடும்பச் சொத்து என்ன என்பதெல்லாம் மொழிபெயர்ப்பில்தான் அவருக்குத் தெரிய வரும். முத்துசாமி அய்யர் கர்ணம் கணக்கைத் தாமே எழுதியவர். எந்த ஏட்டில் எந்த இடத்தில் பொய் ஒளிந்திருக்கும் என்பது அவருக்குத் தெரியும். இந்துச் சட்டத்திலும் அவருக்கு ஆழ்ந்த அறிவு இருந்தது. தத்து எடுத்தல், விதவைக்குச் சொத்துரிமை, கோயில் நிர்வாகம் என்று அவர் எழுதிய தீர்ப்புகளைப் பிற்கால வக்கீல்கள் எடுத்துக் காட்டி வாதாடினார்கள். ஐகோர்ட்டில் தோற்றவர் மேலும் போக விரும்பினால், கடல் கடந்து லண்டன் பிரிவி கவுன்சிலுக்குத்தான் அப்பீல் செய்ய வேண்டும். அந்த நிலைமை 1949 வரை இருந்தது.

ஐகோர்ட்டு எவ்வளவு பெரிய காவல் என்பதைக் கொங்கு நாட்டுக்குப் பக்கத்து ஊரான சேலம் 1882-ல் கண்டது. அங்கே மதக் கலவரம் நடந்தது. அதைத் தூண்டியதாக விஜயராகவாச்சாரியார் என்ற இளம் வக்கீல் மீது வழக்குப் போட்டார்கள். பத்து ஆண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. அவர் அப்பீல் செய்தார். ஐகோர்ட்டு அவரை விடுதலை செய்தது. அந்த வக்கீல்தான் பின்னாளில், 1920-ல், காங்கிரஸ் மகாசபைக்கே தலைவர் ஆனார். அப்பீல் இல்லாமல் இருந்திருந்தால் அவருடைய இளமை சிறையில் கழிந்திருக்கும்.

ஐகோர்ட்டு நடக்கும் விதம்

இப்போது கோபி வழக்கு ஐகோர்ட்டுக்கு எப்படிப் போகிறது என்று பார்ப்போம்.

வரப்புத் தகராறில் முன்சீப் ஒரு தீர்ப்புச் சொல்கிறார். அதன் மேல் சப் கோர்ட்டில் அப்பீல். அங்கே சாட்சியம், பத்திரம் எல்லாவற்றையும் மறுபடி பார்ப்பார்கள். அதற்கும் மேல் ஐகோர்ட்டுக்குப் போவது இரண்டாவது அப்பீல். இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். வரப்பு கிழக்கே இருந்ததா மேற்கே இருந்ததா என்று ஐகோர்ட்டு மறுபடி அளந்து பார்க்காது. கீழ்க்கோர்ட்டு சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டதா என்பதை மட்டும்தான் பார்க்கும். அப்படிப்பட்ட முக்கியமான சட்டக் கேள்வி இல்லை என்றால், அப்பீலை எடுத்துக்கொள்ளவே செய்யாது. வண்டிச் சத்தமும் வக்கீல் பீசும் போனதுதான் மிச்சம். துண்டை உதறுவதற்கு முன் நல்ல வக்கீலைக் கேட்பது புத்திசாலித்தனம்.

கொலை வழக்கில் செசன்ஸ் கோர்ட்டு தூக்குத் தண்டனை விதித்தால், ஐகோர்ட்டு உறுதி செய்யாமல் யாரையும் தூக்கில் போட முடியாது. கைதி அப்பீல் செய்யாவிட்டாலும் வழக்கு ஐகோர்ட்டுக்கு வந்தே தீரும். குறைந்தது இரண்டு நீதிபதிகள் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

சில வழக்குகளை ஒரே நீதிபதி விசாரிப்பார். சிலவற்றை இருவர் சேர்ந்து விசாரிப்பார்கள். இருவருக்கும் கருத்து வேறுபட்டால் மூன்றாமவரிடம் போகும். பெரிய சட்டச் சிக்கல் என்றால் மூன்று பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ சேர்ந்து உட்காருவார்கள். அதற்கு புல் பெஞ்சு என்று பெயர். எந்த நீதிபதி எந்த வழக்கைப் பார்ப்பது என்று பங்கு பிரித்துக் கொடுப்பவர் தலைமை நீதிபதி.

முத்துசாமி அய்யர் காலத்தில் இவ்வளவு விரிவாக இல்லாத ஒரு பெரிய அதிகாரம் இப்போது ஐகோர்ட்டுக்கு உண்டு. அதுதான் ரிட். 1950-ல் வந்த அரசியல் சட்டம் இதைக் கொடுத்தது. தாசில்தார் பட்டா கொடுக்க மறுக்கிறார், போலீசார் ஒருவரைக் காரணமில்லாமல் பிடித்து வைத்திருக்கிறார்கள், நகராட்சி நோட்டீசு கொடுக்காமல் வீட்டை இடிக்க வருகிறது என்றால், நேரே ஐகோர்ட்டில் மனு போடலாம். சர்க்காரையே கூண்டில் நிறுத்தும் அதிகாரம் அது.

2004-ம் ஆண்டு ஜூலை மாதம் மதுரையில் ஐகோர்ட்டுக்கு ஒரு கிளை திறந்தார்கள். பக்கத்துக் கரூர் மாவட்டத்து வழக்குகள் அங்கே போகின்றன. ஈரோடு மாவட்டத்தில் இருக்கும் கோபிக்காரர்களுக்குச் சென்னைதான்.

இன்று நீதிபதியைத் தேர்ந்தெடுப்பது யார்?

ராணியார் கையெழுத்துப் போட்டு நீதிபதியை நியமித்த காலம் போயிற்று. இன்று கையெழுத்துப் போடுபவர் ஜனாதிபதி. ஆனால் பெயரைத் தேடி எடுப்பவர் அவர் அல்லர்.

ஐகோர்ட்டு நீதிபதி ஆவதற்கு இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். பத்து ஆண்டு நீதித்துறை உத்தியோகம் பார்த்திருக்க வேண்டும், அல்லது ஐகோர்ட்டில் பத்து ஆண்டு வக்கீலாக இருந்திருக்க வேண்டும். 1861 சட்டத்தின் சின்னக் கதவு இப்போது தலைவாசல் ஆகிவிட்டது! ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வக்கீல்களிலிருந்தும், ஒரு பங்கு மாவட்ட நீதிபதிகளிலிருந்தும் எடுப்பது வழக்கம்.

முதலில் பெயரைச் சொல்பவர் ஐகோர்ட்டுத் தலைமை நீதிபதி. அவரும், அவருக்கு அடுத்த இரண்டு மூத்த நீதிபதிகளும் உட்கார்ந்து யோசிப்பார்கள். யார் நன்றாக வாதாடுகிறார், யார் கை சுத்தம், யாருடைய தீர்ப்புகள் மேலே போய் நிற்கின்றன என்று பார்த்துப் பட்டியல் போடுவார்கள். அந்தப் பட்டியல் மாநில சர்க்காருக்குப் போகும். முதல்-மந்திரியும் கவர்னரும் கருத்துச் சொல்வார்கள். பிறகு டெல்லியில் சட்ட இலாகாவுக்குப் போகும். மத்திய உளவுத்துறை, ஆள் எப்படிப்பட்டவர் என்று இரகசியமாக விசாரிக்கும். அதன் பிறகு சுப்ரீம் கோர்ட்டுத் தலைமை நீதிபதியும் அங்குள்ள இரண்டு மூத்த நீதிபதிகளும் பார்ப்பார்கள். இந்த மூத்த நீதிபதிகள் குழுவுக்குக் கொலீஜியம் என்று பெயர். அவர்கள் சரி என்றால் சர்க்கார் ஜனாதிபதிக்கு அனுப்பும். சர்க்காருக்குப் பிடிக்காவிட்டால் ஒரு தடவை திருப்பி அனுப்பலாம். கொலீஜியம் மறுபடியும் அதே பெயரைச் சொன்னால் நியமிக்கத்தான் வேண்டும்.

சட்டம் அப்படி. நடைமுறையில் திருப்பியும் அனுப்பாமல், நியமிக்கவும் செய்யாமல், மாதக்கணக்கில் ஏன் வருடக்கணக்கில் பெயர்கள் டெல்லியில் தூங்குவதும் உண்டு. சென்னை ஐகோர்ட்டுக்கு அனுமதிக்கப்பட்ட நீதிபதிகள் 75 பேர். அத்தனை நாற்காலியும் நிரம்பியிருப்பது அபூர்வம். காலி நாற்காலி ஒன்று இருந்தால், கோபியில் ஒரு குடும்பத்தின் வழக்கு இன்னும் சில ஆண்டு இழுக்கும்.

முன்பெல்லாம் சர்க்காரின் கைதான் ஓங்கியிருந்தது. 1993-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்ன ஒரு தீர்ப்பினால் நீதிபதிகளின் கை ஓங்கியது. நீதிபதிகளே நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கலாமா என்று பலர் கேட்டார்கள். 2014-ல் பார்லிமெண்டு, மந்திரியும் பொது மனிதர்களும் அடங்கிய கமிஷன் ஒன்றை அமைக்கச் சட்டம் செய்தது. 2015 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு அது செல்லாது என்று சொல்லிவிட்டது. சர்க்கார் பிடியில் நீதிபதி இருக்கக் கூடாது என்பது நியாயம்தான். மூடிய அறைக்குள் பெயர் எழுதப்படுகிறது என்ற குறையும் நியாயம்தான். வழக்குப் போட்டு முடிக்க முடியாத வழக்கு இது!

நீதிபதி ஆனவர் 62 வயது வரை இருக்கலாம். நடுவில் முதல்-மந்திரியோ பிரதம மந்திரியோ கோபித்துக்கொண்டாலும் அவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது. பார்லிமெண்டின் இரண்டு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்குப் பேர் ஓட்டுப் போட்டால்தான் நீக்க முடியும். வேறு மாநில ஐகோர்ட்டுக்கு மாற்றலாம். தலைமை நீதிபதி பெரும்பாலும் வெளி மாநிலத்துக்காரராக இருப்பது இதனால்தான்.

முத்துசாமி அய்யர் தனி ஒருவராக நுழைந்த வாசலில் பிறகு பலவிதமான மனிதர்கள் நுழைந்தார்கள். ஆனால் நெடுங்காலம் பிடித்தது. இந்தியாவின் முதல் பெண் ஐகோர்ட்டு நீதிபதியான அன்னா சாண்டி 1959-ல்தான் கேரளத்தில் நியமிக்கப்பட்டார். ஜோலார்பேட்டையில் பிறந்த ஏ.வரதராஜன் 1949-ல் முன்சீப்பாகத் தொடங்கினார். தாழ்த்தப்பட்ட சமூகத்திலிருந்து முதல் நீதிபதியாகச் சென்னை ஐகோர்ட்டுக்கு அவர் வந்தது 1973-ல். அய்யர் ஏறிய அதே முன்சீப் படிதான் அவருக்கும் முதல் படி. பவானி அருகே காடப்பநல்லூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த ப.சதாசிவம் 1996-ல் சென்னை ஐகோர்ட்டு நீதிபதி ஆனார். 2013-ல் இந்தியாவின் தலைமை நீதிபதியே ஆனார். கோபிக்காரர்களுக்கு அவர் பக்கத்து ஊர்க்காரர்!

வெறுங்கால் நீதிபதி

முத்துசாமி அய்யர் கதைக்கு வருவோம்.

பதவி உயர்ந்தாலும் அவர் பழக்கம் மாறவில்லை. தலைப்பாகை கட்டினார். செருப்பில்லாமல் வெறுங்காலோடு நடந்தார். கோர்ட்டில் நீதிபதிக்கு முன்னால் செங்கோல் ஏந்திய டபேதார் போவது வழக்கம். டபேதார் காலில் இருந்தது, பின்னால் வந்த நீதிபதி காலில் இல்லை.

1891-ல் மலபார் மக்களின் திருமண வழக்கங்களை ஆராய சர்க்கார் ஒரு கமிஷன் அமைத்தது. அதற்கு அய்யர்தான் தலைவர். மருமக்கள் தாயம் என்ற வழக்கப்படி வாழ்ந்த குடும்பங்களில் கல்யாணத்துக்குச் சட்டத்தின் காவல் வேண்டுமா என்பது கேள்வி. ஊருக்கு ஊர் சாட்சிகளை விசாரித்தார்கள். 1896-ல் மலபார் திருமணச் சட்டம் வந்தபோது அய்யர் உயிரோடு இல்லை.

1892 ஜூலையில் சென்னை ஐகோர்ட்டுக்குச் சிவப்புக் கல்லும் கோபுரமுமாக இப்போதுள்ள பெரிய கட்டடம் திறக்கப்பட்டது. சென்னைக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். கப்பல்களுக்கு வழிகாட்ட அதன் உச்சியிலேயே கலங்கரை விளக்கு வைத்தார்கள். அந்தப் புதுக் கட்டடத்தில், 1893-ல், மூன்று மாத காலம் முத்துசாமி அய்யர் தற்காலிகத் தலைமை நீதிபதியாக இருந்தார். அந்த இடத்தில் அதற்கு முன் இந்தியர் யாரும் இருந்ததில்லை. அந்த ஆண்டே சர் பட்டமும் கிடைத்தது. 15 ஆண்டுகளுக்கு முன் அவர் நியமனத்தைக் கண்டித்து எழுதியவர்களுக்குப் பதில் சொல்ல இப்போது இந்துவும் தினம் வெளிவந்துகொண்டிருந்தது. பதிலுக்குத் தேவை இருக்கவில்லை.

1895-ம் ஆண்டு ஜனவரி 25-ந் தேதி அவர் காலமானார். இன்னும் மூன்று நாள் இருந்திருந்தால் 63 வயது நிறைந்திருக்கும். நீதிபதி வேலையை அவர் கடைசி வரை விடவில்லை.

ஐகோர்ட்டுக் கட்டடத்துக்குள் அவருக்குச் சலவைக்கல்லில் சிலை வைத்தார்கள். சீமையில் செதுக்கப்பட்ட சிலை. செதுக்கியவர் வேட் என்ற ஆங்கிலச் சிற்பி. சிலையின் காலிலும் செருப்பு இல்லை. வழக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடும் இளம் வக்கீல்கள் இன்றும் அதைக் கடந்து போகிறார்கள்.

அவர் இருந்த இடத்துக்கு எஸ்.சுப்பிரமணிய அய்யரை நியமித்தார்கள். மதுரையில் வக்கீல் தொழில் நடத்தியவர் அவர். பின்னாளில் மூன்று தடவை தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் இருந்தார். தற்காலிகம் என்ற சொல் இல்லாமல் ஓர் இந்தியர், பி.வி.ராஜமன்னார், சென்னை ஐகோர்ட்டின் தலைமை நீதிபதியானது 1948-ல்.